உகந்தையில தொடங்காதீங்க

ஆனி மாசம் கிட்ட வந்தா எங்கட கம்பஸ் வாட்ஸ்அப் குழுக்கள்ல ஒரே கேள்விதான் சுத்தும். “மச்சான், காடு எப்ப திறக்கிறாங்களாம்?” காடு எண்டால் உகந்தை முருகன் கோயிலிலிருந்து குமண, யால வழியாகக் கதிர்காமம் போகும் காட்டுப்பாதை. கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி ஏறக்குறைய இரண்டு வாரம்தான் அது பாதயாத்திரை போகிறவர்களுக்குத் திறந்திருக்கும். திகதி தெரிஞ்ச உடனே பட்டியல் போடத் தொடங்குவார்கள். யார் யார் வாறது, யாரிட்ட கூடாரம் இருக்கு, எந்த பாக் நல்லம், பவர் பாங்க் எத்தனை. பொத்துவில் மட்டும் பஸ், அங்கிருந்து வான், அடுத்தநாள் விடியக் காட்டுக்குள்ள. நாலைந்து நாளில் கதிர்காமம். பிறகு ஒரு மாசத்துக்கு எல்லாருடைய முகப்புப் படத்திலயும் காடு.

எனக்கு இதில கோபம் ஒண்டும் இல்லை. நடக்க ஆசைப்படுறது நல்ல ஆசை. ஆனால் வாழ்க்கையில முதல்தரம் நீண்டதூரம் நடக்கப் போகிற ஒருவருக்கு நான் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான ஆலோசனை, உகந்தையில தொடங்காதீங்க எண்டதுதான். அதுக்கு முந்தின ஏதாவது ஒரு ஊரில தொடங்குங்க.

ஏனெண்டால் இந்த நடை உகந்தையில் தொடங்கிற நடையே இல்லை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேலோடு புறப்படுகிறவர்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் எண்டு கரையோரமாக இறங்கி வருவார்கள். 500 கிலோமீற்றருக்கு மேல். ஒன்றரை மாதத்துக்குக் கிட்ட எடுக்கும். வழியில் ஊருக்கு ஊர் ஆட்கள் சேர்ந்துகொண்டே வருவார்கள். காடு அதில் கடைசி அத்தியாயம். நாங்கள் அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் கிழிச்செடுத்து வாசிக்கிறம்.

இதே ஆட்கள்தான் இரவிரவாக யூரியூப்பில் அமெரிக்க நெடுநடைகளைப் பார்ப்பதும். ஜோர்ஜியாவிலிருந்து மெய்ன் வரைக்கும் 14 மாநிலங்களைக் கடக்கிற அப்பலாச்சியன் பாதை, ஏறக்குறைய 3,500 கிலோமீற்றர். மெக்சிக்கோ எல்லையிலிருந்து கனடா எல்லை மட்டும் போகிற பசிபிக் கிரெஸ்ற் பாதை 4,200 கிலோமீற்றருக்கு மேல். ஒரு நுனியில் தொடங்கி மறுநுனி மட்டும் ஒரே வீச்சில் நடக்கிறதை அங்க ‘துரு-ஹைக்’ எண்டு சொல்லுவார்கள். எங்கட ஊரில் அதுக்குப் பெயர் ‘சந்நிதியில இருந்து நடந்து வாறவங்க’. அவ்வளவுதான். முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கோயில் மண்டபத்தில் குந்தியிருக்கிற ஒரு அம்மம்மாவுக்குத் தான் ஒரு துரு-ஹைக்கர் எண்டது தெரியாது. தெரிஞ்சும் ஒண்டும் ஆகப்போறதில்லை.

அப்பலாச்சியன் பாதையின் கதைகளில் எனக்குப் பிடிச்ச ஆள் எம்மா கேற்வூட். 11 பிள்ளைகளின் தாய். 1955 இல், 67 வயதில், தனியாக அந்தப் பாதையை முழுசாக நடந்து முடித்தார். காலில் சாதாரண கன்வஸ் சப்பாத்து. தோளில் தானே தைத்த ஒரு துணிப்பை. கூடாரம் இல்லை, படுக்கைப்பை இல்லை. ஒரு போர்வையும், மழைக்குப் போர்த்த ஒரு பிளாஸ்ரிக் குளியலறைத் திரையும். அவரைப் பற்றி வாசிக்கேக்க வெள்ளைக்கார மனிசியாக எனக்குத் தெரியவே இல்லை. ஒரு உரப்பையைத் தலையில் வச்சுக்கொண்டு மண்டூரைக் கடந்து போகிற யாரோ ஒருவராகத்தான் தெரிஞ்சார்.

எதிர்த்திசையிலும் இப்படி ஒரு கதை இருக்கு. யுத்தத்தில் அறுந்துபோன இந்தப் பாதயாத்திரையை 1988 இல் மறுபடி தொடங்கியவர்களில் ஒருவர் பற்றிக் ஹரிகன் எண்ட அமெரிக்கர். அவர் எங்கட நடையைத் தேடி இங்க வந்தார். நாங்கள் அவங்கட நடையை போனில் பார்க்கிறம்.

சரி, ஏன் முந்தித் தொடங்கச் சொல்றன்?

முதற் காரணம் கால். நடையில் தசை கெதியாகப் பழகிவிடும். உள்ளங்கால் தோலும், குதிக்கால் நரம்பும், முழங்கால் மூட்டும் அப்படிப் பழகாது. அவைக்கு வாரக்கணக்கில் வேணும். அதனால்தான் அமெரிக்கப் பாதைகளில் நடந்து பழுத்தவர்கள் புதியவர்களுக்கு முதலாவதாகச் சொல்வது, முதல் இரண்டு வாரம் ஆசைப்பட்டு ஓடாதே எண்டதைத்தான். அப்பலாச்சியன் பாதையை முழுசாக நடக்கத் தொடங்குகிறவர்களில் நாலில் ஒருவர் அளவில்தான் முடிக்கிறார்கள். வெருகலில் இருந்து நடந்து வருகிற ஒருவர் உகந்தையை அடைகிற நேரம் அவருடைய காலுக்கு இரண்டு வாரப் பழக்கம் இருக்கும். கொப்புளம் வந்து, உடைஞ்சு, காய்ஞ்சு, அந்த இடம் தடிச்சுப் போயிருக்கும். பஸ்ஸில் வந்து இறங்கிய எங்கட பெடியனுக்கு முதலாவது கொப்புளம் குமணக்குள்ளதான் வரும். இரண்டாம் நாள் அது உடையும். மூன்றாம் நாள் ஈரமணலில் நடக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம் அதைவிடப் பெரிசு. றோட்டில் உங்களுக்கு ஏலாமல் போனால் பஸ் இருக்கு. கையைக் காட்டி ஏறி வீட்ட போகலாம், ஒரு நாள் கிடந்து எழும்பி அடுத்த ஊரில் மறுபடி சேரலாம். ஆஸ்பத்திரி இருக்கு, பாமசி இருக்கு. காட்டுக்குள் இதொண்டும் இல்லை. இடைக்கிடை தண்ணீர்ப் பவுசரும் உழவு இயந்திரமும் வரும், இராணுவமும் தொண்டர்களும் சில இடங்களில் நிற்பார்கள், ஆனால் உங்களுக்குத் தலை சுத்துகிற இடத்தில் அவர்கள் நிற்பார்கள் எண்டதுக்கு உத்தரவாதம் இல்லை. தன்ர உடம்பு எவ்வளவு தாங்கும் எண்டு ஒருவர் முதன்முதலாகப் பரீட்சித்துப் பார்க்கிற இடம் கும்புக்கன் ஆத்தங்கரையாக இருக்கக்கூடாது. அதைக் கல்முனையில் வச்சுப் பாருங்க.

“எங்களுக்கு எங்க ஒன்றரை மாசம் லீவு?” எண்டு கேட்பீங்க. நியாயம். செமஸ்டருக்குள்ள சந்நிதியிலிருந்து நடக்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்லமாட்டன். பத்து நாள் இருந்தால் திருக்கோவிலில் தொடங்குங்க. கோமாரி, பொத்துவில், பாணமை, உகந்தை எண்டு நாலு நாள். உகந்தையில் ஒரு நாள் முழு ஓய்வு. பிறகு காடு. மூன்று கிழமை கிடைச்சால் வெருகல். மட்டக்களப்புக்காரருக்கு மாமாங்கம் வீட்டு வாசல் மாதிரி. வெறும் ஐந்து நாள்தான் இருக்கெண்டால் இந்த வருசம் மட்டக்களப்பிலிருந்து திருக்கோவில் மட்டும் நடந்துபோட்டுத் திரும்பி வாங்க. காடு அடுத்த வருசமும் இருக்கும். இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்கும். காடில்லாத பாதயாத்திரையில் போட்டோவுக்கு என்ன இருக்கு?

றோட்டு அலுப்புத்தான், மறைக்க ஒண்டும் இல்லை. மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு ஏ4 வீதி. தார் கொதிக்கும். லொறி உரசிக்கொண்டு போகும். பதினொரு மணி வெயிலில் தூரத்துத் தார் தண்ணி மாதிரி மினுங்கும், கிட்டப் போனால் இருக்காது. ஆனால் அந்த றோட்டில் மனிசர் இருக்கினம். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், மறுபடி தமிழ் ஊர் எண்டு மாறி மாறி வரும். காரில் போகேக்க காத்தான்குடி, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லாம் பெயர்ப்பலகைதான். நடக்கேக்க ஒவ்வொண்டும் அரை நாள். கடை வாசலில் தேத்தண்ணிக்குக் குந்துவீங்க, “எங்கயிருந்து வாறீங்க?” எண்டு யாராவது கேட்பாங்க, கதை வளரும். இந்தக் கரையோரத்தில் எங்கட தலைமுறைக்கு ஒருத்தரைப் பற்றி ஒருத்தருக்குத் தெரிஞ்சதில் பாதி முகநூல் சண்டையிலிருந்து வந்தது. மிச்சப் பாதிக்கு நடக்கத்தான் வேணும்.

அதோட, வாங்கப் பழகவேணும். இது நான் எதிர்பார்க்காத பாடம். பாதயாத்திரை போகிற ஆட்களுக்கு ஊர்ச்சனம் சாப்பாடு குடுக்கும். பின்னேரம் கோயில் மண்டபத்தில் பாயைப் போட்டால் யாரோ ஒருவர் வாளியில் சோறோடு வருவார். காசு கட்டி வாங்கியே பழகின எங்களுக்கு அது கூச்சமாக இருக்கும். எங்கட கூட்டத்தில் ஒரு பெடியன் முதல்நாள் “நாங்க கடையில சாப்பிடுறம் அன்ரி” எண்டு சொல்லிப்போட்டான். அந்த அன்ரியின் முகத்தைப் பார்த்திருக்க வேணும். பக்கத்தில் இருந்த வயதான சாமி ஒருவர், “மகன், அவ குடுக்கிறது உனக்கில்ல, வாங்கு” எண்டார். (நடையில் எல்லாருமே சாமிதான். ஆண், பெண், கம்பஸ், கடற்தொழில் எண்ட வித்தியாசம் இல்லை. பெயர் கேட்பவர்கள் குறைவு.)

இனிப் பொருள்பண்டம். இதில் அதிகம் எழுத விருப்பமில்லை, ஏனெண்டால் ஆட்கள் இதைத்தான் அதிகம் யோசிக்கிறார்கள். பாக் முழுசாக நிரப்பி, தண்ணீர் இல்லாமல், ஆறு கிலோவுக்கு மேல் போனால் எதையாவது வெளியில் எடுங்க. இரண்டு சோடி உடுப்பு, ஒரு சாரம் அல்லது பெட்சீற், ஒரு பாய், ரோச் லைற், தொப்பி, சித்தாலேப, பிளாஸ்ரர், ஒரு ஊசி, பனடோல், ஏழெட்டுப் பக்கற் ஜீவனி. சாப்பாட்டுக்குக் காட்டுக்குள் அவல், கச்சான், பேரீச்சம்பழம், சமபோஷ. ரின்மீன் பாரம், வெற்று ரின் அதைவிடப் பெரிய தொந்தரவு. கூடாரம் வேண்டாம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைஞ்சால் காயாது, உரசினால் தோல் போயிடும்.

புதுச் சப்பாத்து நடைக்கெண்டு வாங்கினால் குறைஞ்சது ஒரு மாசத்துக்கு முந்தி வாங்கி, பாரத்தோட நடந்து பாருங்க. கிழமைக்கு இரண்டு தரம் ஐந்து கிலோமீற்றரில் தொடங்கி, பத்து, பதினைந்துக்கு ஏத்துங்க. முக்கியம், அடுத்தடுத்து இரண்டு நாள் நடந்து பார்க்கிறது. ஒரு நாள் இருபது கிலோமீற்றர் எல்லாராலும் ஏலும். அடுத்தநாள் விடிய எழும்பி மறுபடி காலை நிலத்தில் வைக்கிறதுதான் கதை. வெறுங்காலில் நடப்பது நேர்த்தி எண்டால் அது உங்கட விருப்பம், ஆனால் சின்னனிலிருந்து வெறுங்காலில் பழகாத ஒருவர் தார் றோட்டில் அதைத் தொடங்கக்கூடாது. செருப்போட நடந்தால் முருகன் கோவிக்கமாட்டார்.

கொப்புளத்தில் தோலைப் பிய்க்காதீங்க. ஊசியை நெருப்பில் காட்டி, ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை, தண்ணீரை அமத்தி எடுத்துவிட்டுத் தோலை அப்படியே விட்டு மூடுங்க. சூடு காணுற இடத்தில், கொப்புளம் வாறதுக்கு முதலே, பிளாஸ்ரரை ஒட்டினால் பாதிப் பிரச்சினை இல்லை. நிண்டு சப்பாத்தைக் கழட்ட வெட்கப்பட்டு, எல்லாரோடயும் ஒத்துப் போக நினைச்சு நடக்கிறவங்களுக்குத்தான் கால் போறது.

நேரம்: விடிய நாலு மணிக்கு எழும்பி நடந்து பத்துப் பத்தரைக்கு நிழலில் ஒதுங்குங்க. மூன்றரைக்குப் பிறகு மிச்சம். இருட்டில் றோட்டில் நடக்கேக்க வாகனம் எதிரில் வாற பக்கமாக, வெள்ளை உடுப்போட, வரிசையாக. யானையைப் பற்றி நூறு கேள்வி கேட்பவர்கள் லொறியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். காட்டுக்குள் போனபிறகு விதி மாறும். நல்லா வெளிச்சம் வந்தபிறகுதான் வெளிக்கிடவேணும், கூட்டத்தை விட்டுப் பிரியக்கூடாது. ஆனி, ஆடி அங்க பாலைப்பழக் காலம். பாலைப்பழம் எங்களுக்கு மட்டும் பிடிச்ச சாமான் இல்லை, கரடிக்கும் பிடிக்கும், மரத்தில் ஏறியிருந்து தின்னும். பழம் பொறுக்கத் தனியாக உள்ளுக்குப் போகாதீங்க. ஆத்தில் முதலை இருக்கும். ஆழம் தெரியாத இடத்தில், பொழுதுபட்டபிறகு, குளிக்க இறங்காதீங்க.

தண்ணீர் தாகம் வருமுன் குடிக்கவேணும். சலத்தின் நிறம் கடும் மஞ்சளாகப் போனால் நீங்க பிந்திட்டீங்க. ஜீவனியைப் பக்கற்றில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரையுங்க, கெட்டியாகக் கரைச்சால் கூடப் பலன் எண்டு நினைக்காதீங்க.

பிள்ளைகளுக்குத் தனியாகக் கொஞ்சம். யாரும் எழுதாததால் எழுதுறன். தொடை உரசல் கொப்புளத்தைவிட மோசம். பாவாடைக்குள் முழங்கால் மட்டும் வாற இறுக்கமான காற்சட்டை போடுங்க, வசலின் கொண்டுபோங்க. சலம் போக இடமில்லை எண்டு தண்ணீர் குடிக்காமல் நடக்காதீங்க, இரண்டு பேர் காவல் நிண்டால் எந்த இடமும் இடம்தான். மாதவிடாய் வந்தால் நடக்கலாமா எண்ட கேள்விக்கு ஊரில் பல பதில் இருக்கு. கோயிலுக்குள் போறதும் போகாததும் உங்கட முடிவு. றோட்டிலும் காட்டிலும் நடப்பதுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை எண்டது என்ர முடிவு. நடுக்காட்டில் அதுக்காக ஒரு பிள்ளையைத் தனியே பின்னுக்கு வரச்சொல்லுற கூட்டத்தோட நீங்க போகவே தேவையில்லை. இதை வெளிக்கிட முன்னமே கதைச்சுக்கொள்ளுங்க. பாவிச்ச பாட்களைக் கடதாசியில் சுத்தி ஒரு பைக்குள் கட்டி வெளியில் கொண்டுவாங்க. காட்டில் புதைச்சால் பன்றி கிண்டும்.

குப்பையும் அப்படித்தான். காடு திறந்து பத்தாம் நாள் அந்தப் பாதையில் நடந்த யாரும் சொல்லுவாங்க: சோடாப் போத்தல், பிஸ்கட் உறை, கழட்டி எறிஞ்ச செருப்பு. அது தேசிய வனம். வருசத்தில் இரண்டு வாரம் எங்களுக்குத் திறந்து விடுகிறார்கள், திறக்கிற திகதிக்கே ஒவ்வொரு வருசமும் இழுபறி. மூடவேணும் எண்டு நினைக்கிற யாருக்கும் நாங்களே காரணம் பொறுக்கிக் குடுக்கத் தேவையில்லை. அப்படி மூடினால் இழப்பு போட்டோவுக்குப் போற எங்களுக்கு இல்லை. முப்பது வருசமாக ஒவ்வொரு ஆனியிலும் நடந்துகொண்டிருக்கிற சனத்துக்கு.

நிப்பாட்டுறதைப் பற்றியும் சொல்லவேணும். நேர்த்தி வச்சிட்டன், பாதியில் விட்டால் தெய்வக்குற்றம் எண்டு சொல்லிச் சீழ் பிடிச்ச காலோட நடந்தவர்களைக் கண்டிருக்கிறன். சீனி வருத்தக்காரருக்கு அது காலையே எடுக்கிற விளையாட்டு. வேர்வை நிண்டு, வாந்தி வந்து, பேச்சுக் குழறினால் அது களைப்பு இல்லை, வெயில் தலைக்கு அடிச்சிட்டுது. நிழலில் படுக்க வச்சு, உடம்பை நனைச்சு, விசுக்கி, உடனே உழவு இயந்திரத்தில் ஏத்தவேணும். “சாமி பார்த்துக்கொள்ளுவார்” எண்டு சொல்லி அடுத்த தங்குமிடம் மட்டும் இழுத்துக்கொண்டு போகக்கூடாது. நம்பிக்கையை நான் கேலி பண்ணவில்லை. எனக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கெண்டு எனக்கே சரியாகத் தெரியாது. எங்கட பீடத்தில் இதை மூடநம்பிக்கை எண்டு ஒதுக்குற நண்பர்களும் இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேர் போன வருசம் வந்தார்கள். ஒருவர் கும்பிட்டார், ஒருவர் கும்பிடவில்லை, இரண்டு பேருக்கும் ஒரே அளவு சோறுதான் கிடைச்சது.

கடைசியாக, யாரோட போறது? நண்பர்களோட மட்டும் போகாதீங்க. ஐந்து பெடியள் சேர்ந்தால் யார் முதலில் போறது எண்ட போட்டி வரும், பின்னேரத்தில் இரண்டு பேர் நொண்டுவார்கள். வயதானவர்கள் நடக்கிற கூட்டத்தோட சேருங்க. அவர்கள் மெதுவாக நடப்பார்கள், ஒரே மாதிரி நடப்பார்கள், எந்த இடத்தில் கிணறு நல்லம் எண்டு அவர்களுக்குத் தெரியும். வைகாசியில் உங்கட ஊர்க் கோயிலில் போய், கதிர்காமத்துக்கு நடந்து போற ஆட்கள் யார் எண்டு கேளுங்க. ஒரு வீட்டைக் காட்டுவார்கள். அங்க போய்த் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, எந்தத் திகதியில் கடந்து போவீங்க, நானும் வரட்டா எண்டு கேளுங்க. பெரும்பாலும் முதலில் உங்கட காலைத்தான் பார்ப்பா.